உலக்கைகள் குடியேறிய வீடு

போடிக்குப் போக வேண்டியவன் கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டு, அது வெளியே தெரியக்கூடாதென்று கம்பத்துக்கே டிக்கெட் வாங்கிய புத்திசாலி நான். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் யுத்தகாலத்து பஸ். உத்தமபாளையம் தாண்டி ஒரு மேட்டில் நின்றுவிட, கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, புருசனிடம் அடிபடும் தங்கையைக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து அழைத்துவரக் கிளம்பியவள். மற்றவள் அந்தத் தங்கைக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"கூட்டிட்டுப் போக வேணாம்த்தா. எங்க தெரு உலக்கை பூரா இப்ப உன் தங்கச்சி வீட்டுலதான் கெடக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உலக்கையா? எதுக்கு?"

"ஊர்ப் பெரியவுககிட்டப் போயி அழுதோம். 'அது வீட்டுக்குள்ள நடக்குறது, நாங்க எப்படி உள்ள வர்றது?'ன்னு சொல்லிட்டாக. சரி, நாம போவோம்னு நாங்க உள்ள போயிட்டோம். பொழுது சாஞ்சு அந்தாளு வர்றப்ப, ஆறு பேரு அங்கன நெல்லு குத்திக்கிட்டு இருப்போம்."

"அவன் ஒண்ணும் சொல்லலயா?"

"வாசல்லயே நின்னான். 'வாங்கண்ணே, உக்காந்து சாப்பிடுங்க'ன்னோம். சாப்பிட்டான். பொங்கலுக்குப் பெறகு அவன் கை சோத்துக்குத்தான் நீளுது."

"அவ தூங்குறாளா?"

"கொறட்டை எங்க வீடு வரைக்கும் கேக்குது."

அக்காக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. "பாவம், அந்த மனுசன் தூங்குறாரா?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா வீடு எந்தத் தெருவுல?"