முதல் பரிசுக் கதை

"மகளுக்கு முதல் பரிசு கெடச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லங்க."

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா, பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். மகள் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் பரிசு?"

"லீவுல கதை எழுதப் பழக்குற முகாம். டியூஷன் டீச்சர்கிட்ட ஒரு கதை எழுதி வாங்கி, பாடமாக்கித்தான் அனுப்பினேன். அங்க ஆறு பிள்ளைங்க அதே கதைய எழுதியிருக்குங்க."

"எல்லாருக்கும் அதே டீச்சரா?"

"வேற யாரு. இவ மட்டும் அத எழுதல. நான் கதை வாங்கி வந்து, கரண்டியோட பக்கத்துல நின்னு பாடமாக்க வச்ச கூத்தையே கதையா எழுதிப் பரிசு வாங்கிட்டா. சனிக்கிழம பெற்றோர் முன்னால மேடையில அத வாசிக்கணுமாம்."

"இப்ப எங்க போறீங்க?"

"அந்த டீச்சர்கிட்டத்தான். மேடையில வாசிக்க நல்லதா ஒண்ணு எழுதி வாங்கணும்."