மூடியிருப்பதாகச் சொல்லும் கதவு

அறிவுமதி, கிட்ட வந்து உட்கார் சாமி. டீ ஆறட்டும், அதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் மதியழகன் கதைதான்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில், துளையிடச் சுழலும் ராடைச் சுற்றி ஒரு கம்பிக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் ராடு சுழலக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோல் பெட்டிக்கான நிரலைச் சங்ககிரிப் பட்டறையில் நான்தான் எழுதினேன். கல்லூரி வாசல் மிதிக்காமல் நானாகக் கற்றது. ஒழுங்காகவே எழுதினேன்.

ஆனால் கதவின் சென்சாரில் சேறு அப்பினால், மூடிய கதவைத் திறந்ததாக நினைத்து வண்டி நின்றுவிடும். அந்த வண்டியில் ராடு மாட்டும் வேலையிலிருந்த உன் வீட்டுக்காரர் கேலி செய்வார். "ஏனுங்க்கா, உங்க பொட்டி எங்க மாமியாராட்ட இருக்குதுங்க. சும்மா சும்மா மூஞ்சியத் தூக்கிட்டு நின்னுக்குது." உன் அம்மாவைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

வண்டி முதலாளி குணசீலன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வண்டி வடக்க கெளம்போணுங்க. நிக்காம ஓடற மாதிரி ஏதாச்சும் பண்ணி உடுங்க."

நிரலில் ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை. பட்டறை மேசையில் சோதிக்கும்போது கதவு கிடையாது. அதனால், எப்போது கேட்டாலும் 'மூடியிருக்கிறது' என்று சொல்லும் ஒரு போலி நிரல் துண்டு வைத்திருந்தோம். கம்பைலர் எல்லாவற்றையும் இயந்திர மொழியாக்கிய பிறகு, லிங்கர் என்ற கருவிதான் துண்டுகளைக் கோக்கும். எதை எடுப்பது என்று, நிரலுக்கு வெளியே, அதற்கு ஓர் ஆப்ஷனில் சொல்வோம். வண்டிக்கும் போலியையே எடுக்கச் சொன்னேன். ஒரு சொல்தான் மாறியது. சென்சாரைச் சரிசெய்துவிட்டதாகக் குணசீலனிடம் சொன்னேன். வண்டி நிற்கவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்து ராடைப் பிடித்தபோதும் அது நிற்கவில்லை. என் பெட்டி நின்றுவிடும் என்று நம்பித்தான் கை வைத்திருப்பார்.

விசாரிக்க வந்தவர்கள் நிரலை வரிவரியாகப் படித்தார்கள். கதவுச் சோதனை அங்கேயேதான் இருந்தது. ஆப்ஷனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஆளுதானுங்க அவசரப்பட்டுட்டாரு" என்று முடித்துக்கொண்டார்கள். குடித்திருந்தார் என்று ஊரில் பேசியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு மேசையில் ஒன்று நடக்கிறது. அங்கே கதவே இல்லை. இருந்தும், கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒயரில் ஈரமாயிருக்கும் என்று விளக்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். மூடியின் இடுக்கில் சிவப்பாகத் தெரிகிறது.

ஆப்ஷனை இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாற்றுவதால் போனவர் வரப்போவதுமில்லை.

ஆனால் உன் குடும்பத்தை நான் கைவிடவில்லை சாமி. உன் கொழுந்தன் நவீன்குமாருக்கு, அதே வண்டியில் அண்ணன் பார்த்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். இன்று காலையில் கிளம்பினான்.

போனவன் நல்லபடியாக வந்து சேரட்டும். உன் வீடு ஆளும் பேருமாக நிறைந்திருக்கட்டும்.