உள்பக்கம் போன நம்பர்

புது டயரை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது வீண், ஐயா. கறுப்புப் பாலிஷ் போட்டால் பழைய டயரும் புதிதாகவே மணக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

நந்தனத்தில் ஷஃபியுல்லா பாய் கடையில் டயர் துடைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஸ்ரீலக்ஷ்மி டீச்சரால் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். கரும்பலகையிலிருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். தெரியும், குரல்தான் வரவில்லை. “வாயில என்னடி, கொழுக்கட்டையா?” என்றார். மறுநாளிலிருந்து அதுவே என் பெயர். அதற்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் முன்பு, விற்காமல் கிடந்த நாலு டயரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார் பாய். அதிலிருந்த நம்பர் 1113, அதாவது இரண்டாயிரத்துப் பதின்மூன்று. நான் போடவில்லை. பின்னறையில் வைத்து வாரா வாரம் பாலிஷ் போட்டேன். டீச்சரின் வெள்ளைக் கார் தினமும் எங்கள் கடை சிக்னலில் நிற்கும். அதற்கும் அதே சைஸ்தான். அதன் டயர் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு கடைக்குப் போயிருந்தால் விட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

“கயல்தானே நீ? நாளைக்குத் திருவண்ணாமலை போறோம். வெயில்ல டயர் வெடிக்கும்னு எங்காத்து மாமாவுக்குப் பயம். தேதி பாத்து வாங்கச் சொன்னார். கண்ணாடி கொண்டு வரலை, நீயே படிச்சுச் சொல்லேன்.”

“பதினொன்று, இருபத்தைந்து” என்றேன். குரல் கணீரென்று வந்தது.

“வெரி குட். நன்னா படிக்கறயேடி.”

ஒரு டயரில் படித்தால் போதும் என்றார். நான் நாலையும் படித்துக் காட்டினேன்.

மாட்டும்போது கடைப் பையன் சக்திவேல் கேட்டான்: “இன்னா கயலு, நம்பரை உள்ள வெக்கச் சொல்ற?”

“டீச்சருக்கு அதான் புடிக்குமாம்.”

“படிச்சவங்க ரோதனையே தனி” என்று சிரித்துக்கொண்டே மாட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.

திண்டிவனம் தாண்டி முன் டயர் வெடித்தது என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. டீச்சரோடு மாமாவும் போய்விட்டார் என்பதில் வருத்தம்தான். தேதி பார்க்கச் சொன்ன மனிதர்.

டயரை வைத்திருந்தது நான், விற்றது நான், திருப்பி மாட்டச் சொன்னதும் நான். ஆனால் தப்பாகப் படித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நாலு முறை படித்தேன். டீச்சர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.