நாலாம் நம்பர் ஊட்டு அட்வான்ஸ்

— அப்ப எல்லா முடிவும் பண்ணிப்போட்டுத்தான் எங்கிட்டச் சொல்ல வந்திருக்கறே. அப்படித்தானே சின்னத்தாயி?

— கோவிச்சுக்கிராதீங்கம்மா. அவரு நேத்தே வந்து சொல்றேன்னாரு. உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, ‘ரங்காத்தாம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு வரல’ன்னு திரும்பிட்டாரு.

— காசிமாயனா? கட்டுன பொண்டாட்டிய முன்னால தள்ளி உட்டுப்போட்டானாக்கும். எங்க பார்த்திருக்கறீங்க?

— பெருமாநல்லூர் தாண்டி, குன்னத்தூர் ரோட்டுல. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு. சின்ன வீடுதாம்மா. ஆனா எங்க பேருல.

— லோனு?

— பேங்க்ல சரின்னுட்டாய்ங்க. இதுக்காகத்தான அன்னைக்கு, உருப்படிக்கு இம்புட்டுன்னு வாங்குன பீஸ் ரேட்ட விட்டுட்டு, கம்மியானாலும் பரவாயில்லன்னு பேங்க்ல சம்பளம் போடுற கம்பெனிக்கு மாறுனேன். கையில வாங்குற காசுக்கு எந்த பேங்க்காரன் கடன் குடுப்பான்?

— ஓஹோ. அது தெரியாம நான் கிறுக்கச்சியாட்டம் உன்னை வைஞ்சேன். கைநெறையா வர்ற காசை உட்டுப்போட்டு எவளாச்சும் போவாளான்னு.

— வைஞ்சுட்டு ஒரு வாரம் பேசவே இல்ல நீங்க.

— பேசாம இருந்தனா? நானா?

— ஆமா. தண்ணி வந்தாக்கூட என் கொடத்த எட்டிப் பாக்கல. அது கெடக்கட்டும். பிஎஃப் பணத்த எடுத்தாச்சும்மா. எம் மக யாழினிக்குன்னு எடுத்த செயின, அவளே கழட்டிக் குடுத்துட்டா. அப்படியும் நாங்க கையிலருந்து கட்ட வேண்டியதுக்குக் கொஞ்சம் உதைக்குது. காலி பண்ண இன்னும் ரெண்டு மாசம் ஆகும். எங்க அட்வான்ஸ இப்பவே குடுத்தீங்கன்னா... வாடகை தவறாமத் தந்துருவோம்.

— காலி பண்றப்பத்தான் அட்வான்ஸ். இந்தக் காம்பவுண்டுல ஆருக்கும் நான் முன்னால குடுத்ததில்லை.

— தெரியும்மா.

— வந்தன்னிக்கு உங்ககிட்ட அட்வான்சுக்கே காசில்லை. அதாவது ஞாபகம் இருக்குதா?

— மறப்பனா? உசிலம்பட்டியிலருந்து ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ்வு, அம்புட்டுத்தான். உங்க வீட்டுக்காரரு, சாமியப்பன் ஐயாதான், ‘மொத சம்பளம் வாங்கிக் குடுங்க, போங்க’ன்னு சாவியக் கையில குடுத்தாரு.

— குடுத்துப்போட்டு உள்ள வந்து எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு. ‘சும்மா தூக்கிக் குடுக்கறதுக்கு உங்கப்பன் ஊடா?’ன்னு கேட்டேன். ‘ஆமா, எங்கப்பன் ஊடுதான்’னு சிரிக்கறார், போய்ச் சேந்த மனுசன்.

— எங்களுக்குத் தலைக்கு வைக்கத் தலகாணி இல்ல. நீங்கதான் ஒரு சாக்கு பனியன் கட்டிங் வேஸ்ட்டக் குடுத்து, பழைய சேலையில அடச்சுத் தச்சுக்கன்னீங்க.

— அதையேன் கேக்கறே! யாழினி நடை பழகினதும் அதுல ஓட்டை போட்டு, கலர் கலராத் துணியைப் புடுங்கி வாசப் பூரா எறைச்சு வெப்பா. கூட்டிக் கூட்டி என்ற இடுப்பே போச்சு.

— அவ பொறந்த அன்னைக்கு என்னா மழை! ஒரு ஆட்டோக்காரனும் வரல. நொய்யல்ல தண்ணி பாலத்தத் தொட்டுக்கிட்டு ஓடுது. டிவிஎஸ்ல பின்னாடி என்னய ஒக்கார வச்சுக்கிட்டு, திட்டிக்கிட்டே ஓட்டுனீங்க.

— ஆரைத் திட்டினேன்?

— மழைய, ரோட்ட, எங்க வீட்டுக்காரர. வலியோட வலியா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

— சிரிச்சியாக்கும்... இரு, பீரோ சாவி எங்க வெச்சேன்... இந்தா, புடி உன்ற அட்வான்ஸை.

— அம்மா! ஆருக்கும் குடுத்ததில்லன்னீங்க?

— வாங்கு கண்ணு. நானும் உங்கிட்டச் சொல்லோணும்னு வாயெடுத்து வாயெடுத்து அடக்கிட்டிருந்தேன். போன வாரம் என்ற பையன் அருள்செல்வன் வந்தானல்லோ?

— ஆமா, தம்பி கோயமுத்தூர்லருந்து வந்துச்சு. பாத்தேன்.

— காம்பவுண்டை இடிச்சுப்போட்டு குடோன் கட்டறானாம். பனியன் பொட்டி அடுக்கறதுக்கு. ஒவ்வொரு ஊட்டுலயும் போயி நாந்தான் காலி பண்ணச் சொல்லோணும்.

— நம்ம வீட்டையா இடிக்கப் போறாய்ங்க?

— உன்ற ஊடு குன்னத்தூர் ரோட்டுல இருக்குது. அப்பறமென்ன நம்ம ஊடு?

— வாயில வந்துருச்சும்மா. சரி, நீங்க எங்க போவீங்க?

— அவங்கூடத்தான் வரச் சொல்றான். பதினோராவது மாடி. பையனையும் குத்தஞ் சொல்ல முடியாது, மருமகளும் தங்கமானவ. ஆனா ஒரு மாசம் அங்க இருந்து பார்த்தேன் சின்னத்தாயி. கதவைச் சாத்தினாச் சத்தமே இல்லை. ஆரும் கொடத்தை உருட்டறதில்லை, சண்டை கட்டறதில்லை. காலைல எந்திரிச்சு நான் ஆரைத்தான் திட்டறது?

— அழுவாதீங்கம்மா.

— ஆரு அழுகறா? நீ ஊடுன்னு சொன்னதுலருந்து ஒண்ணு யோசிச்சுட்டே இருக்கறேன். கேக்கறதா வேண்டாமான்னு தெரியல.

— என்கிட்ட என்ன யோசன? கேளுங்க.

— ஏனுங்க, உங்க ஊட்டுல எனக்கு ஒரு ரூமு வாடகைக்குக் கெடைக்குமுங்களா?