கெங்கம்மாவின் முகத்தில் ஒரு முடிக்கற்றை

புத்தாண்டு வாழ்த்தை நான் மொத்தமாக அனுப்புகிறவன் இல்லை. ரோஜாப்பூ மினுக்கும் படம் ஒன்று எங்கிருந்தோ வரும். அதை அப்படியே ஊருக்கெல்லாம் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த வருஷம் நான் பார்த்ததிலேயே சிறந்த சுவரோவியத்தை நானே படம் எடுத்து, பெயர் சொல்லி இரண்டு வரி எழுதி அனுப்புவேன். நாற்பத்தோரு பேர். பெரும்பாலும் என்னோடு மேசைப்போர் ஆடுகிறவர்கள்.

நீங்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர். ஆழ்வார்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. அதன்மேல் மலை, ஆறு, கோட்டை. விரல்நுனி உயரத்துக்கு எண்ணூறு சிப்பாய்கள்; ஒவ்வொருவனுக்கும் நானே வண்ணம் தீட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பகடை உருட்டிப் போரிடுவோம். நல்ல இடத்தைக் காப்பாற்ற நினைத்தால் சில ஆட்களை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முப்பது வருஷ ஆட்டத்தில் நான் கற்றது அதுதான்.

என் உத்தியோகம் கட்டடப் பொறியாளர். பழைய குடியிருப்புகளைப் பார்த்து, ஆள் இருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பேன். மயிலாப்பூர்க் கடலோரத்தில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் கிழக்குச் சுவர் முழுவதும் மஹ்விஷ் என்ற ஓவியக்காரப் பெண் ஒரு முகத்தை வரைந்திருந்தாள். அங்கே தரைத்தளத்தில் இருக்கும் மீன்காரி கெங்கம்மாவின் முகம். காலை வெயில் கடலிலிருந்து நேராக வந்து அந்தக் கண்களில் விழும். இந்த நகரத்தில் அதற்கு ஈடான சுவர் இல்லை.

அக்டோபரில் ஆய்வுக்குப் போனேன். கெங்கம்மாவின் கணவர் குப்பன்தான் விரிசலைக் காட்டினார். நெற்றியில் ஆரம்பித்துத் தாடைவரை இறங்கியிருந்தது.

"போன மாசம் ஒரு ரூபா துட்டு சொருக முடியல சார். இப்ப சுண்டுவெரலே போவுது, பாருங்க."

பார்த்தேன். சுவர் கட்டடத்தை விட்டு வெளியே சாய்ந்துகொண்டிருந்தது. 'உடனே காலி செய்க' என்று எழுத வேண்டும். எழுதினால் ஒரு மாதத்தில் இடித்துவிடுவார்கள். குடியிருப்பவர்களும் கடலை விட்டு எங்கோ போக வேண்டியிருக்கும். அதையும் நான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பகடைகளை உருட்டினேன். இரண்டிலும் ஆறு விழுந்தால் காலி செய்யச் சொல்வதென்று வைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமல்லவா. நான்கும் மூன்றும் விழுந்தன. 'குடியிருக்கத் தக்கது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கொத்தனாரை விட்டு விரிசலைப் பூசினேன். பிறகு மஹ்விஷைக் கூப்பிட்டு அந்தத் தழும்பு தெரியாமல் வரையச் சொன்னேன்.

"கட்டடம் ஸேஃப்தானே சார்? விரிசல் சின்னதா தெரியலியே."

"மேல்பூச்சுதான்மா."

அவள் நம்பினாள். நெற்றியிலிருந்து தாடைக்கு ஈரமான முடிக்கற்றை ஒன்றை இழுத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், ஓவியம் அதற்குப் பிறகுதான் முழுமையானது.

டிசம்பர் மழையில் கெங்கம்மாவின் மருமகள் டயானா போன் செய்தாள். "சார், வாசக்கதவு மூட மாட்டேங்குது. ராவெல்லாம் சுவத்துல இன்னாவோ சத்தம் கேக்குது. பயமா கீது. எங்கம்மா வூட்டுக்குப் போய்டவா?"

அவள் போனால் பக்கத்து வீடும் போகும். பிறகு பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்.

"மழையில் மரம் ஊறும்மா. பயப்படாமல் இரு" என்றேன். இருந்தாள்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கே எதிர்ப்பக்கம் போய் நின்றேன். சுவரடியில் குப்பன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். டயானா வாசலில் கலர்ப்பொடியால் 'ஹேப்பி நியூ இயர்' எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது தாடைப் பக்கம் சிமென்ட் உதிர்ந்தது. உள்ளே செங்கல் நகரும் ஓசையும் கேட்டது. அந்த ஓசை என்னவென்று எனக்குத் தெரியும். வெயில் கண்களில் விழ ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. நான் கத்தினால் ஜனங்கள் ஓடிவந்து குறுக்கே நிற்பார்கள். வெயில் விழுந்தது. எடுத்தேன்.

என் போனில் நீங்கள் பார்த்த படம் அதுதான். அடியில் இருக்கும் இருவர் குப்பனும் டயானாவும். இரண்டு நிமிடத்தில் சுவர் இறங்கியது. மூன்றாம் மாடி முனியம்மாளும் அதோடு வந்தார். மூன்று பேர். ஆம்புலன்சுகள் போன பிறகு, ஏழேகாலுக்கு வாழ்த்துகளை அனுப்பினேன். தேதி தள்ளினால் வாழ்த்துக்கு அர்த்தமில்லை.

கெங்கம்மா மீன் எடுக்கப் போயிருந்ததால் தப்பினார். அன்று மத்தியானம் பிணவறை வாசலில் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அழவில்லை.

"நீதானே நைனா பாத்து எழுதிக் குட்த்தே? ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே. அந்தப் பொண்ணு போறேன்னுச்சே, நீதானே இருன்னு சொன்னே?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அந்த அம்மாளை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். சுவரில் இருந்த முகம் போல இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.