கொத்தனாருக்குக் கொடுத்த மோர்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு சட்டென்று வெந்துவிடும். தெருவில் மற்ற கிணறுகள் எல்லாம் உப்பு. அதனால்தான் ஒரு செம்பு குடித்துப் பாருங்கள் என்றேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டாம் என்றால் சரி. ஜவுளிக்கடை காஜா மைதீன் தன் மனுவில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் முழுதும் தெரிந்த ஆளும் இல்லை. மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் தங்கச்சாமி அறுபத்தெட்டாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அவர் மனைவி நாச்சியார், என் மதினி, எங்களோடு இதே வீட்டில் இருந்தார். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற நீள வீடு இது. அப்பா ஒரு செட்டியாரிடம் வாங்கியது. முன்பாதி எனக்கு, பின்பாதி மதினிக்கு, குறுக்கே ஒரு சுவர் என்று பேச்சு ஆரம்பித்தது. அதில் சண்டையே இல்லை. கிணறு மட்டும் என் பாதியில் விழுந்தது. மதினி கேட்டது ஒன்றுதான். சுவரில் கிணற்றுக்கு ஒரு வாசல் வேண்டும்.

நியாயமான கோரிக்கைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சித்திரை வந்தால் அந்தக் கிணறு ஒரு குடும்பத்துக்கு ஊறுவதே பெரிய பாடு. இரண்டு வீட்டார் இறைத்தால் இரண்டு வீடும் காயும். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதினி ஒற்றை ஆள்.

நடுவில் இருந்து பேச காஜா மைதீனைக் கூப்பிட்டோம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். வாசலை விட்டுக்கொடுத்தால் எங்கள் பொதுத் தென்னந்தோப்பில் என் பங்கைத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"தோப்பை வச்சு நான் என்ன செய்யப் போறேன் தம்பி? ஊருணிக்குக் குடம் தூக்குற வயசா எனக்கு?" என்றார் மதினி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"யோசிக்கட்டும், அவசரமில்லை" என்று காஜா மைதீன் எழுந்துவிட்டார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்று நானும் நினைத்திருந்தேன். தேவகோட்டையில் ஒரு வக்கீல் அதைத் தெளிவாக்கினார். ஏதாவது ஒன்று முடிவாகாமல் கிடக்கும்வரை அது வெறும் பேச்சு. ஆனால் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் நடந்துகொண்டால், குடும்பத்துக்குள் பாகம் பிரிப்பதற்கு எழுத்துகூட வேண்டாம், நடந்துகொண்டதே சம்மதம் என்றார். நல்ல மனிதர். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரமே கொத்தனார் சேவுகனை வரச் சொன்னேன். மதினி பதறி ஓடி வந்தார்.

"என்ன தம்பி, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே?"

"வாசலுக்கு இடம் விட்டுத்தான் எழுப்புறாக மதினி. நீங்களே பாருங்க."

இடம் விட்டுத்தான் இருந்தது. குடத்தோடு ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். மதினியின் முகம் தெளிந்தது. தன் வீட்டில் வேலை செய்கிறவன் வாய் வறண்டு நிற்பதை அவரால் பார்க்க முடியாது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு மோர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். அது எனக்குத் தெரிந்ததுதான். தாகமாக இருந்தால் கூச்சப்படாமல் மதினியிடம் கேளுங்கள் என்று சேவுகனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

அதற்கடுத்து மதினி சாமி கும்பிட நாட்டரசன்கோட்டைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் இடைவெளியை அடைத்தாயிற்று. அந்தப் பக்கம் அவர் பின்தெரு வழியாக வந்து, ஈரச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்கே தோப்பில் என் பங்கை விட்டுவிட்டேன். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை.

மதினி வழக்குப் போட்டார். அவர் யோசித்துச் சொல்வதாகத்தான் சொன்னார் என்று காஜா மைதீன் கூண்டேறிச் சொன்னார். என் வக்கீல் கேட்டதற்குச் சேவுகனும் உண்மையைத்தான் சொன்னான்.

"சுவர் வைக்கிறப்ப அந்தம்மா தடுத்தாங்களா?"

"இல்லீங்க. மோர் குடுத்தாக."

மோர் கொடுத்தபோது வாசல் திறந்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். தீர்ப்பு என் பக்கம் வந்தது. பேச்சு முடிந்து ஒப்பந்தமாகிவிட்டது, இருவரும் கட்டுப்பட்டவர்கள் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு கோடை மதினி ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தார். எழுபத்தொன்றில் ஒரு சித்திரை மதியம். என் மனைவி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் இறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் குடம் உருளும் சத்தம், கூடவே ஆள் விழுகிற சத்தம்.

"தம்பி... இடுப்பு போச்சு தம்பி. எந்திரிக்க முடியலை. ஒரு வாய் தண்ணி..."

பிறகு செம்பால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். என் கையில் வாளி நிறைந்திருந்தது. கப்பி கிறீச்சிடாமல் அதை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தேன். நான் இருப்பது தெரிந்தால் அவருக்கு வீண் நம்பிக்கை. கிணற்றுக் கட்டையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பால்காரி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆட்களைச் சேர்த்து, பின்தெருக் கதவை உடைக்க வைத்தாள். நான்தான் கொள்ளி வைத்தேன். அழுதது நிஜமான அழுகை, ஐயா. அவரைக் குளிப்பாட்ட எங்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துக் கொடுத்தேன்.

இப்போது மதியமானால் செம்புச் சத்தம் கேட்கிறது. அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள் என் மனைவி. சுவரைக் கொத்திவிட்டு மறுபடி பூசிப் பார்த்தேன், படுக்கையை முகப்புக்கு மாற்றிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்ததை ஒரு நாள் காஜா மைதீன் கேட்டுவிட்டார். மனு அதனால் வந்ததுதான்.

அன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒருவர் பாதியில் மற்றவர் கால் வைக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தம். மீறினால் நாளைக்கு எல்லாமே செல்லாது என்பார்கள். இருந்தாலும் நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை. பொழுது சாய்ந்து, தட்டுவது நின்று, மூச்சுச் சத்தமும் அடங்கிய பிறகு சுவரருகே போய்க் கேட்டேன்.

"மதினி, நான் அங்குட்டு வரவா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வர வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.