கூரையில் சிரிக்கும் இராஜகுமாரி

"ஹலோ... ஹலோ... ஆமாங்க, இராஜகுமாரிதான் பேசுறேன்... யாரு? ... ஐயோ, ஜவாஹிர் சேரா! சொல்லுங்க சேர், சொல்லுங்க... ஆமா, ஆமா, எல்லாரும் சொகந்தான்... எது? பெனரா? எந்த பெனரு சேர்?"

எந்தப் பெனர் என்று அவளுக்கா தெரியாது! ஹந்தானைச் சந்தியில் கட்டியிருந்த அந்த நீள விளம்பரப் பெனர், போன கிழமை அடித்த காற்றில் அறுந்து விழுந்தது. இராஜகுமாரியும் பக்கத்து வீட்டு மூக்காயியும் அதைப் பாய் மாதிரி சுருட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்து, மூச்சிரைக்கத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது அது இராஜகுமாரி வீட்டு ஓட்டைக் கூரைக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அரசாங்க விளம்பரப் பகுதியில் வேலை பார்க்கிற ஜவாஹிருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"... போட்டோவா? உங்க போனுக்கு வந்திருக்கா? ... மேல் ரோட்டுலேருந்து எடுத்ததா... ஆமா, அது நான்தான். பல்லக் காட்டிக்கிட்டு மல்லாந்து கெடக்கேன்... சிரிக்காதீங்க சேர்... வெள்ளப் பக்கத்த மேல போட்டிருக்கலாமா? ஆமா, ஆமா, அந்தப் புத்தி அப்ப வரல. வழுவழுன்னு இருக்கிற பக்கம் மேல இருந்தா தண்ணி நிக்காம ஓடிரும்னு நெனச்சோம்... ஐயையோ, இல்ல! மந்திரி நெத்தியில கல்ல நான் வேணும்னு வைக்கல. காத்துக்கு மூலையில கல்லு வைக்கணும்ல? மூலையில அவருதானே நிக்கிறாரு!"

பெனரில் மந்திரி பெரிதாக நிற்பார். பக்கத்தில் புதுத் தகரம் ஒன்றைப் பிடித்தபடி இராஜகுமாரி. நடுவில் 'ஒழுகாத கூரை ஒவ்வொரு வீட்டுக்கும்' என்று கொட்டை எழுத்து. தோட்ட வீடுகளுக்கு இலவசமாகக் கூரைத் தகரம் கொடுக்கப்போவதற்கான விளம்பரம் அது. படம் எடுத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. தகரம் மட்டும் இன்னும் மலை ஏறவில்லை.

"... தகரமா? எனக்கு எங்க சேர் குடுத்தீங்க? பிடிக்கச் சொன்னீங்க, பிடிச்சேன். சிரிக்கச் சொன்னீங்க, சிரிச்சேன். பொறவு பன்வில பக்கம் இன்னொருத்திய வச்சுப் படம் எடுக்கணும்னு அதே தகரத்தத் திருப்பிக் கேட்டீங்க... யாரு லொறியில ஏத்துனது? நானேதான்! முந்தானையால தொடச்சி, கீறல் விழாம ஏத்திவிட்டு, டாட்டா வேற காட்டுனேன். என்னைய மாதிரி ஒரு கூமுட்டைய இந்த மலையில எங்க தேடுவீங்க? பேரு மட்டும் இராஜகுமாரி!"

மறுமுனையில் ஜவாஹிர் எதையோ அவசர அவசரமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். போனில் தலையாட்டினால் அவருக்கா தெரியப்போகிறது!

"... நாளைக்கேவா? மந்திரி டவுணுக்கு வாராரா... ஆமா, விளங்குது... இல்ல சேர், இன்னைக்குக் கழட்ட முடியாது. மகள் புள்ள பெத்து ஆஸ்பத்திரியிலேருந்து வாரா. த்ரீவீல்ல ஏறிட்டாளாம்... பொம்பளப் புள்ள சேர்... சந்தோசம், சந்தோசம்... தொட்டில் கட்டியிருக்கிற எடத்துக்கு நேர் மேலதான் சேர் அந்தப் பெரிய ஓட்ட. இங்க வானம் கறுத்துக்கிட்டு வருது... சரி, ஒண்ணு செய்யுங்க. தகரம் எப்ப வரும்னு சொல்லுங்க. பெனர நானே சொமந்துக்கிட்டு கண்டிக்கு வாரேன்... ம்... ம்... என்னது? காசு முடிஞ்சிருச்சா? எதுல முடிஞ்சிது? ... பெனருக்கா? ... டீவியில போட்டதுக்கா... ரேடியோவுக்குமா..."

இராஜகுமாரிக்குக் கோபம் பொங்கியது. ஆனால் யாரிடம் போய்க் காட்டுவது? அந்த டீவி விளம்பரத்தை லயத்துச் சனத்தையே கூட்டிவைத்துப் பார்த்தவள் அவள். 'எப்படி இருக்கு நம்ம மூஞ்சி?' என்று வீடு வீடாகக் கேட்டவளும் அவளேதான்.

"... அப்ப இத்தன வீட்டுத் தகரத்தையும் நான்தான் சிரிச்சே தின்னுருக்கேன்... உங்களச் சொல்லல சேர், என் மூஞ்சியச் சொல்றேன்... புதுசு அடிக்கப் போறீங்களா? இதவிடப் பெரிசாவா? அப்ப லயம் நீளத்துக்கு அடிச்சிருங்க சேர்! மூக்காயி வீடும் ஒழுகுது... வெளையாட்டு இல்ல, நெசமாத்தான் சொல்றேன்... என்ன சேர்? இத நாங்களே வச்சுக்கலாமா? ஐயோ, நீங்க நல்லா இருக்கணும், உங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்! ... நாளைக்குப் புதுப் படம் எடுக்கவா? ஆமா, ஆமா, கட்டாயம் வாரேன். சிரிக்கத்தானே? அதுல நான் பழுத்த ஆளு... என்ன? ... பேத்தியையும் தூக்கிக்கிட்டா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கீழ் வளைவில் த்ரீவீல் முக்கி முனகி ஏறுகிற சத்தம் கேட்டது. வாசலில் மழைத் துளிகள் விழ ஆரம்பித்திருந்தன.

"... கேட்டிச்சு சேர், நல்லாவே கேட்டிச்சு. ஒழுகாத கூரைக்குக் கீழ பச்சப்புள்ள... படம் நல்லாத்தான் இருக்கும்... இல்ல, அவ வேணாம். நான் வாரேன். எத்தன பல்லு வேணுமோ அத்தனையும் காட்டுறேன். அவள மட்டும் கேக்காதீங்க... இல்ல சேர்... இல்ல... புள்ள வராட்டி பெனரத் திருப்பித் தரணுமா? ... சரி. அப்ப லொறிய அனுப்புங்க. கல்ல நானே எடுத்து வைக்கிறேன். தொட்டிலுக்கு மேல கொடையப் பிடிச்சிக்கிட்டு விடிய விடிய ஒக்காந்திருப்பேன்... கோவமா? உங்க மேல எனக்கென்ன கோவம்... எங்க குடும்பத்துக்கு ஒரு இளிச்சவாயி போதும் சேர். வைக்கிறேன்."